ஆல்டோ வான் ஐக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டிடக்கலை வகுப்பில் பொதுவெளி என்ற பேச்சு வந்தால் நான் முதலில் பலகையில் வரைவது ஒரு மணல்தொட்டியை. ஆம்ஸ்டர்டாமில் 1947-இல் கட்டப்பட்டது. இருபத்தொன்பது வயதில் அதை வரைந்த ஆல்டோ வான் ஐக், பின்னாளில் டச்சுக் கட்டிடக்கலையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரானார். படத்தை வரைந்து முடிப்பதற்குள் கேள்விகள் கிளம்பிவிடும். மாணவர்களும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆல்டோ வான் ஐக் யார்?

1918-இல் நெதர்லாந்தின் ட்ரீபெர்கனில் பிறந்தவர். அப்பா கவிஞர், பத்திரிகையாளர். டச்சுப் பத்திரிகை ஒன்றின் லண்டன் நிருபராக அப்பா வேலை பார்த்ததால் ஆல்டோ வளர்ந்ததும் பள்ளி படித்ததும் இங்கிலாந்தில். கட்டிடக்கலை படித்தது ஸூரிக்கில். போர் முடியும்வரை ஸ்விட்சர்லாந்திலேயே இருந்தார். அங்கே கலை விமர்சகர் கரோலா கீடியன்-வெல்கர் மூலமாக அன்றைய புதுமை ஓவியர்களும் சிற்பிகளும் பழக்கமானார்கள். கவிதையும் சிற்பமும் அவருக்குப் படிப்போடு படிப்பாகவே வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

1946-இல் ஆம்ஸ்டர்டாம் திரும்பி மாநகராட்சியின் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1951-இல் சொந்த அலுவலகம். 1966 முதல் 1984 வரை டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1990-இல் பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம். 1999 ஜனவரியில் மறைந்தார். மனைவி ஹன்னி வான் ரோயனும் கட்டிடக் கலைஞர். 1980-களிலிருந்து இருவரும் கூட்டாகவே வேலை செய்தார்கள்.

அவர் 700 விளையாட்டிடங்கள் அமைத்தாராமே, உண்மையா?

உண்மை. 1947-இலிருந்து 1978-க்குள் ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 700-க்கு மேல். அது நடந்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாளில் யாரும் 700 என்று திட்டம் போடவில்லை.

போருக்கு முன்பு அந்த நகரத்தில் விளையாட்டிடம் என்றால் பெரும்பாலும் சங்கங்கள் நடத்தியவைதான். சுற்றிலும் வேலி, உள்ளே போக உறுப்பினராக இருக்க வேண்டும். மற்ற குழந்தைகளுக்குத் தெருதான். போர் முடிந்தபோது வீட்டுப் பஞ்சம். அதோடு பிறப்பு எண்ணிக்கையும் ஏறியது. சிறிய அடுக்குமாடி வீடுகளுக்குள் நிறையக் குழந்தைகள்.

நகரத் திட்டப் பிரிவில் கோர்னேலிஸ் வான் ஏஸ்டெரனின் கீழ் யாகோபா முல்டர் என்ற பெண் பொறுப்பில் இருந்தார். தெருவோர மரத்தடியில் ஒரு சிறுமி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்ததாகவும், பெர்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் ஒரு விளையாட்டிடம் அமைக்கும் யோசனை அதிலிருந்து பிறந்ததாகவும் சொல்வார்கள். வரையும் வேலை துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த வான் ஐக்கிடம் வந்தது.

அது திறந்ததும் பக்கத்துத் தெருக்காரர்கள் மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் தெருவிலும் ஒரு மனை சும்மா கிடக்கிறது, எங்களுக்கும் ஒன்று வேண்டும். அலுவலர்கள் போய் இடத்தைப் பார்த்தார்கள், வான் ஐக் வரைந்து கொடுத்தார், துறையே கட்டியது. கட்டி முடித்த இடத்தைப் பார்த்த அடுத்த தெரு அடுத்த கடிதத்தை எழுதியது. கடிதம், இட ஆய்வு, வரைபடம், கட்டுமானம் என்ற சுழற்சி முப்பது வருடம் ஓடியது. மனு கொடுத்தால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை ஒரு நகரத்துக்கு வந்துவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த மணல்தொட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

விளிம்பு இருக்கிறது.

மணலைப் பிடித்து வைக்க ஒரு சின்னக் கரை போதும். வான் ஐக் போட்டது அகலமான, தாழ்வான, மூலை மழுங்கிய கான்கிரீட் விளிம்பு. தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது மேசை. ஈர மணலைப் பிடித்துப் பிடித்து வரிசையாக அதன்மேல் வைக்கலாம். ஓடி வரும் பையனுக்கு அது பாதை. குழந்தையைக் கூட்டி வந்த பாட்டிக்கு அது இருக்கை. உள்ளே இறங்கத் தயங்கும் குழந்தைக்கு, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு மெதுவாகக் காலை உள்ளே விடுவதற்கு ஓர் இடம். ஒரே கான்கிரீட் வளையம் இத்தனை பேருக்கு இத்தனை விதமாக உதவுகிறது.

இதை வாயால் சொன்னால் மாணவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் வகுப்பைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் தரையில் சாக்பீஸால் இரண்டு தொட்டிகளை முழு அளவில் வரையச் சொல்வேன். ஒன்றுக்கு ஒற்றைக் கோடு. மற்றதுக்கு இரண்டடி அகல விளிம்பு. வரைந்து முடித்ததும் யாரும் சொல்லாமலே நான்கைந்து பேர் அகல விளிம்பின்மேல் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒற்றைக் கோட்டின் அருகே எல்லாரும் நின்றுகொண்டே இருப்பார்கள். தரையில் சாக்பீஸைத் தவிர வேறு எதுவும் கிடையாது!

பெர்டல்மன்பிளைனில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தொட்டி சதுக்கத்தின் நடுவில் இல்லை. ஒரு மூலைக்குத் தள்ளி இருக்கிறது. அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் குட்டிக்கரணம் அடிக்கும் கம்பிகள். சுற்றிலும் மரங்களும் பெஞ்சுகளும். நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டு ‘நான்தான் முக்கியம்’ என்று சொல்லும் பொருள் எதுவும் அங்கே இல்லை. தொட்டிக்கும் கம்பிக்கும் இடையில் விட்ட வெற்றிடம் ஓடுவதற்கு.

யானை, ஒட்டகச்சிவிங்கி மாதிரி பொம்மை வடிவங்கள் ஏன் வைக்கவில்லை?

இந்த விஷயத்தில் வான் ஐக் பிடிவாதக்காரர். தெருவில் நிற்கும் தொலைபேசிக் கூண்டு உண்மையான பொருள், ஏனென்றால் அதிலிருந்து பேசலாம். பெஞ்சு உண்மையான பொருள், ஏனென்றால் அதில் உட்காரலாம். அலுமினிய யானை அப்படியில்லை. யானை என்றால் நடக்க வேண்டும். இதுதான் அவர் வாதம். அரைவட்டக் கம்பிக்கூடு ஒன்றை நட்டுவைத்தால் அது ஒரு நாள் மலை, ஒரு நாள் வீடு, இன்னொரு நாள் ஏறி உட்கார்ந்து பேசும் இடம். யானையாகச் செய்து வைத்தால் அது என்றைக்கும் யானைதான்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. மணல்தொட்டி, உருண்டைக் கான்கிரீட் திட்டுகள், கம்பி வளைவுகள், கம்பிக்கூடு என்று உறுப்புகள் சில வகைதான். அவற்றையே திரும்பத் திரும்பச் செய்யலாம், செலவு குறையும். ஆனால் ஒவ்வொரு மனையிலும் அடுக்கிய விதம் வேறு. சொற்கள் அதேதான், வாக்கியம் புதிது.

இத்தனை காலி மனைகள் எப்படிக் கிடைத்தன?

இதற்குப் பதில் சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும்.

நாஜி ஆக்கிரமிப்பில் நெதர்லாந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட யூதர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பலர் ஆம்ஸ்டர்டாம்வாசிகள். அவர்கள் வாழ்ந்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1944-45 குளிர்காலத்தில் நகரத்தில் உணவும் இல்லை, எரிபொருளும் இல்லை. குளிரில் விறைத்துப்போன மக்கள் அந்த வீடுகளின் உத்தரங்களையும் படிக்கட்டுகளையும் பெயர்த்தெடுத்து அடுப்பெரித்தார்கள். மரம் போன வீடுகள் இடிந்து விழுந்தன. பழைய நகரத்தின் தெரு வரிசைகளில் பல் விழுந்த மாதிரி அங்கங்கே இடைவெளிகள். டைக்ஸ்ட்ராத் என்ற தெருவில் 1954-இல் அமைந்த விளையாட்டிடம் அப்படி இரண்டு மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நீளவாக்கில் கிடந்த மனை. ஸேடைக் பகுதியில் அமைந்ததில் பக்கத்துச் சுவருக்கு யோஸ்ட் வான் ரோயன் என்ற ஓவியர் வண்ணம் தீட்டினார்.

நகரத்தின் மேற்கே புதிதாக எழுந்த குடியிருப்புகளிலும் நிறைய விளையாட்டிடங்கள் அமைந்தன. ஆனால் என் மனதில் நிற்பவை இந்தப் பழைய மனைகளில் அமைந்தவைதான். யாருடைய வீடு நின்ற இடம் என்று தெரு முழுக்கத் தெரியும். அங்கே மறுபடி குழந்தைச் சத்தம் கேட்பதற்கு ஒருவர் உட்கார்ந்து மணல்தொட்டியை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார்.

வேலி இல்லாமல், கான்கிரீட்டும் இரும்பும் வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தால் அடிபடும் தரைதான் அது. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி அவற்றில் பல தேறாது. ஏறும் உறுப்புகளுக்குக் கீழே மெத்தென்ற தரை வேண்டும் என்று இப்போது கேட்கிறோம், அது நியாயமும்கூட. வேலி விஷயத்தில் மட்டும் நான் வான் ஐக் பக்கம். வேலி போட்டதும் அது ‘குழந்தைகளுக்கு ஒதுக்கிய பகுதி’ ஆகிவிடுகிறது, பெரியவர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அவருடைய இடங்கள் நடைபாதையின் தொடர்ச்சி. கடைக்குப் போகிறவர் குறுக்கே நடந்து போவார், போகிற போக்கில் நாலு குழந்தைகளைப் பார்ப்பார். அந்தப் பார்வையும் ஒரு காவல்.

பனி பற்றி அவர் ஏதோ சொன்னாராமே?

பனி கொட்டிய மறுநாள் நகரம் கொஞ்ச நேரத்துக்குக் குழந்தைகள் கைக்கு வந்துவிடும். வண்டிகள் நின்றுபோகும், தெரு முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். பனி உருகியதும் பழையபடி ஆகிவிடும். ஆகவே குழந்தைக்குப் பனியைவிட நிலைத்து நிற்கும் ஒன்றைச் செய்து கொடுங்கள் என்று தன்னைப் போன்ற கட்டிடக் கலைஞர்களிடம் கேட்டார். 1956-இல் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த சர்வதேச நவீனக் கட்டிடக்கலை மாநாட்டில் அவர் காட்சிக்கு வைத்த பலகைகளும் இதைத்தான் பேசின. வீடமைப்பு, போக்குவரத்து என்று மற்றவர்கள் பெரிய பெரிய கணக்குகளோடு வந்த சபை அது.

அவர் கட்டிய கட்டிடங்களில் முக்கியமானது எது?

ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஆம்ஸ்டர்டாமில் கட்டிய இல்லம். 1955-இல் வேலை தொடங்கி 1960-இல் முடிந்தது. 125 குழந்தைகள், வயதுவாரியாக எட்டுக் குழுக்கள். வழக்கமாக இப்படிப்பட்ட இல்லத்தை ஒரே பெரிய கட்டிடமாகக் கட்டி நீளத் தாழ்வாரத்தின் இரு பக்கமும் அறைகளைப் போட்டுவிடுவார்கள். வான் ஐக் அதை ஒரு சின்ன ஊராகக் கட்டினார். முந்நூறுக்கு மேற்பட்ட சிறு குவிமாடங்கள், அவற்றுக்கு இடையில் முற்றங்கள், உள்ளே தெருப் போலவே திரும்பித் திரும்பிப் போகும் நடை. ஒவ்வொரு குழுவுக்கும் தனி வீடு. தன் வீட்டிலிருந்து கிளம்பி ‘தெரு’ வழியாக இன்னொரு வீட்டுக்குப் போகும் அனுபவம், வீடே இல்லாத குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம்.

கிட்டப் போய்ப் பார்த்தால் சொரசொரப்பான கான்கிரீட்டில் குழந்தையின் கண்மட்டத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும். நடந்துபோகும் குழந்தை திடீரென்று தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். கட்டிட வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூட இல்லை. அவ்வளவு பெரிய வேலைக்கு நடுவே அதற்கும் அவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

வீடு ஒரு சின்ன நகரம் போலவும், நகரம் ஒரு பெரிய வீடு போலவும் இருக்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொன்னது. அதன் முதல் பாதி இந்த இல்லம். இரண்டாம் பாதி அந்த 700 விளையாட்டிடங்கள்.

‘இடம்’, ‘பொழுது’ என்று அவர் பேசியது என்ன?

அவர் தலைமுறைக்கு முந்தைய நவீனக் கட்டிடக் கலைஞர்கள் வெளி, காலம் என்ற இரண்டு பெரிய சொற்களை வைத்துப் பேசினார்கள். வான் ஐக் சொன்னார்: வெளியும் காலமும் எதைக் குறித்தாலும், இடமும் பொழுதும் அதைவிட மேலானவை. மனிதர் வந்து அமர்ந்ததும் வெளி இடமாகிறது. மனிதர் வாழ்ந்ததும் காலம் ஒரு பொழுதாகிறது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே பாடிய அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கூடவே அவருக்குப் பிடித்த இன்னொரு எண்ணம் வாசல். உள்ளே, வெளியே என்று இரண்டாக வெட்டாமல், நடுவில் நின்று பேசவும் தயங்கவும் ஓர் இடம். இதைப் பிற மொழிக்காரர்களுக்கு நான்கு பக்கத்தில் விளக்க வேண்டியிருக்கும். நமக்குத் திண்ணை என்ற ஒரு சொல் போதும். மணல்தொட்டியின் விளிம்பும் ஒரு திண்ணைதான்.

ஆசிரியராக அவர் எப்படி?

டெல்ஃப்டுக்கு முன்பே, 1950-களில் ஆம்ஸ்டர்டாம் கட்டிடக்கலைக் கழகத்தில் கற்பித்திருக்கிறார். வகுப்பறை அவருக்குப் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. 1959 முதல் 1963 வரை ‘ஃபோரம்’ என்ற கட்டிடக்கலை இதழை யாப் பாக்கெமா, ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் முதலிய கட்டிடக் கலைஞர்களுடன் சேர்ந்து நடத்தினார். அதைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு.

அவர் கற்பித்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1959-இல் ஒட்டர்லோ என்ற டச்சு ஊரில் கட்டிடக் கலைஞர்கள் கூடிய கூட்டத்தில் காட்டிய இரண்டு வட்டங்கள். ஒரு வட்டத்துக்குள் கிரேக்கக் கோயில், நவீன ஓவியர் ஒருவரின் கட்டுமானப் படம், பழங்குடி மக்களின் மண் குடியிருப்பு ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். இன்னொரு வட்டத்தில் மனிதர்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே, மூன்றையும் சேர்த்துப் பிடி, யாருக்காக என்பதை மறக்காதே என்பது பாடம். சும்மா படத்தில் பார்த்துப் பேசியதல்ல; சஹாராவிலும் மாலி நாட்டு டோகோன் மக்களின் ஊர்களிலும் போய்த் தங்கிப் பார்த்தவர்.

மாணவர்மேல் அவருக்கிருந்த நம்பிக்கைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1962-இல் பிரான்சில் ரொயோமோன் என்ற இடத்தில், ‘டீம் 10’ என்ற தன் சகாக்களின் கூட்டத்தில், தன் மாணவர் பீட் பிளொம் வரைந்த ‘நோவாவின் பேழை’ என்ற நகரத் திட்டத்தை எடுத்து வைத்துப் பேசினார். தன் வேலையைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. சகாக்கள் அந்தத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார்கள். நகரம் முழுவதையும் ஒரே ஆள் வரைந்து முடித்துவிடுகிற மாதிரி இருக்கிறது, மக்களுக்கு என்ன மிச்சம் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. பிளொம் பின்னாளில் ராட்டர்டாமின் சாய்ந்த கனசதுர வீடுகளைக் கட்டிப் பெயர் பெற்றார். மாணவரின் படத்தைத் தன் சபைக்கே தூக்கிக்கொண்டு போகும் ஆசிரியரை நான் மிக மதிக்கிறேன், அன்று தோற்றிருந்தாலும்.

விளையாட்டிடங்களைத் தவிர நகரத்துக்கு வேறென்ன செய்தார்?

1970-களில் ஆம்ஸ்டர்டாமின் நியூமார்க்ட் பகுதியில் மெட்ரோ ரயில் பாதைக்காக வீடுகளை இடித்தார்கள். குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், 1975-இல் அது போலீசோடு மோதலாகவே வெடித்தது. அந்தப் பகுதியைச் சீரமைக்கும் வேலையில் வான் ஐக்கும் அவருடைய கூட்டாளி தெயோ பொஷும் இறங்கினார்கள். அகலச் சாலையும் பெரிய அலுவலகக் கட்டிடங்களும் வேண்டாம், பழைய தெருக்கோடு அப்படியே இருக்கட்டும், விழுந்த பல்லின் இடத்தில் பல்லைக் கட்டுவது போல வீடுகளைப் பொருத்துவோம் என்பது அவர்கள் நிலை. முப்பது வருடத்துக்கு முன் அதே பழைய நகரத்தின் இடைவெளிகளில் மணல்தொட்டி வைத்த கைக்கு இது புதிய பாடம் அல்ல.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்காக அவர் கட்டிய ஹூபெர்டஸ் இல்லமும் இப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளின் வரிசையில் வானவில் நிறங்களோடு நிற்கிறது, ஆனாலும் பக்கத்து வீடுகளை முட்டித் தள்ளுவதில்லை.

குறையே இல்லையா?

உண்டு. குழந்தைகள் இல்லம் நினைத்த மாதிரி நெடுநாள் இயங்கவில்லை. நிர்வாகம் மாறியது, குழந்தைகளைப் பெரிய நிறுவனத்தில் வைத்து வளர்க்கும் எண்ணமே மாறியது, கட்டிடத்திலும் மாற்றங்கள் செய்தார்கள். 1980-களில் இடிக்கும் பேச்சு வந்து, பல நாட்டுக் கட்டிடக் கலைஞர்களின் எதிர்ப்பால் தப்பியது. எவ்வளவு அன்போடு கட்டினாலும், அந்த அன்பைப் புரிந்த நிர்வாகி இல்லாவிட்டால் கட்டிடம் தனியாக எதுவும் செய்துவிட முடியாது. இதை நான் மாணவர்களிடம் ஒளிப்பதில்லை.

அரசு வேலை, சொந்த அலுவலகம், கற்பித்தல். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. மாநகராட்சி வேலை என்றால் படைப்புக்கு வழியில்லை என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். வான் ஐக் அங்கே சம்பளத்துக்கு இருந்தது ஐந்தே வருடம்தான். ஆனால் சொந்த அலுவலகம் தொடங்கிய பிறகும், பேராசிரியரான பிறகும் மாநகராட்சிக்கு விளையாட்டிடம் வரைவதை அவர் விடவில்லை. ஒரு பக்கம் உலக மாநாடு, மறுபக்கம் ஏதோ ஒரு தெருமுனைக்கு ஒரு மணல்தொட்டி. இரண்டும் ஒரே மேசையில்.

என் கருத்தைக் கேட்டால்: முதல் இரண்டு வருடம் எங்கே கட்டி முடித்த வேலையைத் திரும்பப் போய்ப் பார்க்க முடியுமோ அங்கே சேருங்கள். வரைபடம் கொடுத்து, கட்டிப் பார்த்து, ஆறு மாதம் கழித்துப் போய் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வரைபடம் தானாக மாறும். அவருக்கு 700 முறை கிடைத்த வாய்ப்பு அது.

இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

விளையாட்டிடங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. சில மனைகளில் வீடு வந்தது, சிலவற்றில் கார் நிறுத்தம், சிலவற்றைப் புதிய விதிகளுக்காக மாற்றினார்கள். நகர மையத்தில் ஒரு சில தப்பியிருக்கின்றன. குழந்தைகள் இல்லம் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். அதில் 1990-களின் முற்பகுதியில் ஹெர்ட்ஸ்பெர்கர் தலைமையில் பெர்லாகே கட்டிடக்கலைப் பள்ளி நடந்தது. ஆர்ன்ஹெமில் 1966-இல் சிற்பக் கண்காட்சிக்காக அவர் தற்காலிகமாக எழுப்பிய மண்டபத்தை 2006-இல் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத் தோட்டத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

நேரம் குறைவாக இருந்தால் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத் தோட்டத்துக்குப் போங்கள். வான் ஐக்கின் ஏறு கம்பிகளை அங்கே நட்டிருக்கிறார்கள், குழந்தைகள் ஏறலாம். தோட்டத்துக்குள் போக டிக்கெட் தேவையில்லை.